பத்து நிமிடம் என்று சொன்னேன்

பத்து நிமிடம் என்று வாயை விட்டிருக்கக் கூடாது.

பதினேழாவது நிமிடத்திலும் திரை கறுப்பாகவே இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி: ரூட்டைக் காணவில்லை.

இது ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறை. எந்த வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்பது இந்த ஒரு கணினிக்குத்தான் தெரியும். அதன் வட்டு நிரம்பி, காலையிலிருந்து புது அழைப்புகளைப் பதிய மறுத்தது.

அதனால் ரூட்டை, அதாவது கணினியை இயக்கும் கோப்புகள் மொத்தமும் குடியிருக்கும் பகுதியை, புது வட்டில் லாஜிக்கல் வால்யூம் என்கிற நீளக்கூடிய பகுதிக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நாளை இடம் போதாவிட்டால் இழுத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

அதுவரை அழைப்புகளைக் காகிதத்தில் எழுத வேண்டும். வண்டிகளை வயர்லெஸ்ஸில் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுத் தேட வேண்டும். ஒரு வண்டி தாமதமாகப் போய் யாருக்காவது ஏதாவது ஆனால், அந்தப் பாவம் என் தலையில்.

கோப்புகள் எல்லாம் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருந்தன. கணினி கண் விழித்ததும் படிக்கிற பூட் கோப்பை மட்டும் புதிதாக உருவாக்க மறந்துவிட்டேன். லாஜிக்கல் வால்யூம் என்றால் என்னவென்றே பழைய பூட் கோப்புக்குத் தெரியவில்லை. இருபது வருட சர்வீஸ். வெட்கக்கேடு.

அவசரத்துக்கு வைத்திருந்த பென் டிரைவைச் செருகி, அதிலிருந்து கணினியைக் கிளப்பினேன். ஒரே கட்டளையை மூன்று முறை அடித்து அழித்தேன்.

அழைப்பு எடுக்கிற பெண் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். நாள் முழுக்க என்னை வாருகிறவள். இன்று ஒரு நக்கல்கூட இல்லை. கோபமாக இருக்கிறாள் என்று நினைத்தேன். எனக்கும் சுருக்கென்று வந்தது.

"தலைக்கு மேல நின்னா வேலை ஓடாதும்மா. போய் போனை எடு."

"எடுத்துட்டுதான் வந்தேண்ணா. நீங்க திரும்பாதீங்க. முடிங்க."

நகரவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பூட் கோப்பை உருவாக்கி, கணினியை மறுபடி துவக்கினேன்.

எழுத்துகள் சரசரவென்று ஓடின. வரைபடம் வந்தது. பதினொரு வண்டிகளும் பச்சைப் புள்ளிகளாக வந்து உட்கார்ந்தன. மொத்தம் முப்பத்து நான்கு நிமிடம். அப்போதுதான் ஒழுங்காக மூச்சு விட்டேன்.

காகித அழைப்புகளைக் கணினியில் ஏற்ற வேண்டும். ஏழு சீட்டுகள். ஆறை என் மேசையில் வைத்தவள், ஏழாவதைக் கையிலேயே வைத்திருந்தாள். பிடுங்காத குறையாக வாங்கினேன்.

ஆண், வயது எழுபத்தொன்று. நெஞ்சுவலி. அழைத்தவர் மருமகள். அழைப்பு 11.09. வண்டி கிளம்பியது 11.10. வீட்டை அடைந்தது 11.16.

குறிப்பு என்ற கட்டத்தில் அவளுடைய கோணல் எழுத்து.

'நம்ம கம்ப்யூட்டர் அண்ணாவோட அப்பா. நினைவு இருக்கு, பேசுறார். கம்ப்யூட்டர் வந்ததும் அண்ணாகிட்ட சொல்லணும்.'