காக்கைகள் வைத்த படையல்

பூனையின் வாயிலிருந்து மீனைப் பிடுங்கிப் பெயர்பெற்ற பெரிய காக்கை இறந்துபோனது. காக்கைகள் எல்லாம் கூடி அழுதன. பிறகு செத்த எலி ஒன்றைக் கொண்டுவந்து, தலையை மட்டும் மொட்டைமாடிச் சுவரில் படையலாக வைத்தன. மனிதர்கள் வீட்டில் காக்கை வந்து எடுத்த பிறகுதான் பந்தி. காக்கைகள் வீட்டில் மனிதன் வந்து எடுக்க வேண்டும்.

மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஆளைப் பார்த்து எல்லாம் கரைந்தன. அவர் எலித்தலையைக் கண்டதும் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகிப் போனார்.

“அண்ணனுக்கு ஏதோ மனக்குறை இருக்கு,” என்றது இறந்த காக்கையின் தங்கை. எல்லாம் ஒற்றைக்கால் காக்கையைத் திரும்பிப் பார்த்தன. அதற்கும் பெரிய காக்கைக்கும் எப்போதும் ஆகாது.

“நான் என்ன பண்ணினேன்? பூனை வாயில இருந்தது செத்த மீனுன்னு சொன்னேன். அவ்வளவுதானே.”

“அதுதான் அவரை அரிச்சுக்கிட்டே இருந்தது. மாத்திச் சொல்லு. பசி தாங்கல,” என்றது இன்னொரு காக்கை.

ஒற்றைக்கால் காக்கை மிச்ச எலியைப் பார்த்து எச்சில் விழுங்கியது. “சரி. மீனுக்கு உயிர் இருந்தது.”

“துள்ளுச்சுன்னு சொல்லு.”

“துள்ளுச்சு.”

அந்த ஆள் திரும்பி வந்தார். எலித்தலையைப் பழைய செய்தித்தாளில் சுருட்டி எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

“பாருங்க, வீட்டுக்கே கொண்டுபோறார் அண்ணன்,” என்று தங்கை விம்மியது.

காக்கைகள் எலியின்மேல் பாய்ந்தன. ஒற்றைக்கால் காக்கை வாய்கொள்ளாமல் விழுங்கிவிட்டு, பக்கத்துக் காக்கையிடம் மெதுவாகச் சொன்னது: “சின்ன மீனுதான்.”