முகம் காட்டாத அம்மன்

பிளாஸ்டர் சிலையின் இடுப்பில் ஊசி இறங்கவில்லை. றோஸ்மேரி, கம்பளம் ஒட்டுகிற டேப்பைப் பல்லால் கிழித்தாள்.

மொன்றியல் பார்க் எக்ஸ்ரென்ஷனில் இருந்த அந்தக் கிரேக்கர் மண்டபத்தின் வாசலில், ஆளுயரத்தில் மூன்று பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் அணைத்தபடி நின்றார்கள். மூவர் உடம்பிலும் ஒட்டுத்துணி கிடையாது.

ஊர்ச்சங்கத் தலைவர் தியாகலிங்கத்தார் தம் மகள் வயதுக்கு வந்த சாமத்தியவீட்டுக்கு அந்த மண்டபத்தைத்தான் எடுத்திருந்தார். அழைப்பிதழில் அவருடைய பட்டங்கள் மட்டும் நாலு வரி. ஆர்த்திகா என்ற பிள்ளையின் பெயரைக் கீழ் மூலையில் தேடிப் பிடிக்க வேண்டும்.

பிள்ளையை உடுத்தி அலங்கரிக்க முதலில் றோஸ்மேரியைத்தான் பேசினார்கள். மொன்றியலில் அவள் மடித்த கொசுவத்துக்கு அப்படியொரு பெயர். முந்தாநாள் தலைவரே போன் எடுத்தார்.

"தங்கச்சி, குறை நினையாதேங்கோ. நல்ல காரியம். புருஷன் இல்லாத கை பிள்ளையில படப்படாது எண்டு மனிசி நினைக்கிறா. நீங்கள் வாசல்ல நிக்கிற அந்த மூண்டுக்கும் சீலையைச் சுத்தி விடுங்கோ. அதுகள் கல்லுத்தானே, ஒண்டும் செய்யாது."

டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை பார்த்த அவள் கணவன் அம்புறோஸ் செத்து இரண்டு வருடம். அதிலிருந்து ஒவ்வொரு வீடும் அவளை இப்படித்தான் மரியாதையாகக் கைகழுவியது. ஒவ்வொரு முறையும் விழுங்கிக்கொண்டாள். இந்த முறை விழுங்கவில்லை.

"ஓம் அண்ணை, வடிவாச் செய்து விடுறன்."

மண்டபத்துக்காரர் கோஸ்தா விரல் நீட்டி அறிமுகம் செய்துவைத்தார். அக்லாயா, யூப்ரோசினி, தாலியா. ஒருத்தி வடிவுக்கு, ஒருத்தி சந்தோசத்துக்கு, ஒருத்தி விருந்துக்கு. கிரேக்கரின் சின்னத் தெய்வங்கள். இவர்கள் வராமல் பெரிய தெய்வங்களே பந்தியில் உட்காரமாட்டார்களாம்.

எல்லாக் கொண்டாட்டத்துக்கும் வேண்டும், உடுக்க ஒரு துண்டு கொடுக்கத்தான் ஆளில்லை. றோஸ்மேரிக்கு அவர்களைப் பிடித்துப்போயிற்று.

தலைவர் கொடுத்தனுப்பிய மூன்று பழைய நைலெக்ஸ் சேலைகளை அவள் பையை விட்டே எடுக்கவில்லை. தன் பெட்டியைத் திறந்தாள். சிவப்பு, மயில் நீலம், மஞ்சள் என்று மூன்று பட்டு. மூக்குத்தி, ஒட்டியாணம், நெற்றிச்சுட்டி. நடுவில் நின்றவள் முதுகு காட்டி நின்றதால் அவளுக்கு முழங்கால்வரை சடைநாகம். கழுத்துக்கு மாலை, காலடியில் குத்துவிளக்கு.

நம் சனத்தை அவளுக்குத் தெரியும். உடுப்பில்லாவிட்டால் சிலை. பட்டுடுத்திப் பொட்டு வைத்தால் அம்மன்.

கடைசியாகக் குங்குமத் தட்டை ஏந்தி, சேலைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு பக்கத்தில் தானும் நின்றாள். பாவம் என்றால் ஞாயிற்றுக்கிழமை பாதரிடம் சொல்லிக்கொள்ளலாம்.

முதலில் வந்த குடும்பம் சப்பாத்தைக் கழற்றியது. பின்னால் வந்தவர்கள் ஏனென்று கேட்காமலே கழற்றினார்கள். அரை மணியில் வாசலில் வரிசை.

"முதுகு காட்டி நிக்கிறவதான் மூத்தவ. முகத்தைப் பாத்தா நாங்கள் தாங்கமாட்டம்" என்று ஒரு மாமி பின்னால் நின்றவர்களுக்கு விளக்கினார்.

வெள்ளை லிமோசினில் வந்திறங்கிய தலைவரை மேளம் மட்டும்தான் திரும்பிப் பார்த்தது. பிறகு யாரோ கத்தினார்: "அண்ணை, வாசல்ல அம்மனையே கொண்டந்து வைச்சிட்டியள்! இதெல்லோ தலைவர்!"

தாம் எப்போது வைத்தோம் என்று தலைவர் ஒரு கணம் யோசித்தார். புகழ் தேடி வரும்போது அதிகம் யோசிக்கிற பழக்கம் அவருக்கில்லை.

"எல்லாம் என்ர ஏற்பாடுதான்" என்று சப்பாத்தைக் கழற்றினார். மகளை முன்னால் விட்டார்.

பிள்ளை கைகூப்பிக் குனிந்தாள். றோஸ்மேரி பெருவிரலால் குங்குமம் தொட்டு, அந்த நெற்றியில் ஆறுதலாக, வட்டமாக வைத்தாள். கன்னத்தையும் தடவிவிட்டாள். அடுத்து தாய். அடுத்து தலைவர்.

நிமிரும்போதுதான் தலைப்புக்குள் இருந்த முகத்தை அவர் கண்டார். ஏதோ சொல்லத் திரும்பினார். பின்னால் இருநூறு பேர் கைகூப்பி நின்றார்கள்.

வீடியோக்காரர் ஞானேந்திரன் கமராவிலிருந்து தலையைத் தூக்கினார்.

"அண்ணை, கசெற் முடிஞ்சு போச்சு, படம் ஒண்டும் விழேல்லை. மாத்தீற்றன். பிள்ளையில இருந்து திருப்பித் தொடங்குங்கோ."

றோஸ்மேரி பெருவிரலை மறுபடி குங்குமத்தில் தோய்த்தாள்.