புல்லில் பனித்துளி

கீரியும் தவளையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே அணியாக ஆன்லைனில் போர் விளையாட்டு ஆடின. முதல் முறையாக இறுதிச் சுற்று. எதிரணியில் ஒரு பாம்பு மட்டும்தான் மிச்சம். தவளையிடம் தோட்டா தீர்ந்துவிட்டது.

தவளை பயிற்சி செய்த நாட்களிலெல்லாம் கீரி விளையாட்டின் கோப்புகளைத் திறந்து, காட்சியை அழகாக்கிக்கொண்டிருந்தது. இப்போது அதன் திரையில் ஒவ்வொரு புல்லும் தனித்தனியாக அசைந்தது. நுனியில் பனித்துளி மின்னியது. தவளையின் திரையிலோ புல்வெளி பச்சைப் பாய் மாதிரி தட்டையாகக் கிடந்தது. அதில் பாம்பு நெளிவது பளிச்சென்று தெரிந்தது.

“டேய், உன் காலடியிலதான் பாம்பு! சுடுடா!” என்று தவளை கத்தியது.

“எங்கடா? எனக்குப் புல்லுதான் தெரியுது. அடடா, என்னமா ஆடுது!” என்றது கீரி.

அதற்குள் பாம்பு கொத்திவிட்டது. கோப்பை போயிற்று.

தவளை கோபத்தில் தொண்டையை உப்பவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கீரி தயங்கித் தயங்கிச் சொன்னது: “தோத்தது தோத்துட்டோம். நான் விழுந்தப்போ புல்லு மடங்கி, பனித்துளி அத்தனையும் தெறிச்சுது, தெரியுமா?”

தவளை தத்தித் தத்தி வந்து கீரியின் திரைக்கு முன்னால் உட்கார்ந்தது.

“எங்க, இன்னொரு தடவை சாவு, பாக்கலாம்.”