ஸ்டார்ட் வராத கார்

கார் ஸ்டார்ட் வருகுதில்லை என்று கம்சனா போன் எடுத்தபோது, கஜரூபன் ஜெர்மனியின் ஹம் நகருக்குள் நுழையும் பாலத்தின் மேல் வந்துகொண்டிருந்தான்.

கீழே கால்வாய் தெரியவில்லை. பாலமும் பாதிதான் தெரிந்தது. மீதியை மூடுபனி வாங்கி வைத்திருந்தது.

அவளுடைய தெருவில் வீடுகளுக்குக் கூரை இல்லை. மரங்கள் வேர் இல்லாமல் நின்றன. சாம்பல் நிறக் கோட்டோடு அவள் காருக்குப் பக்கத்தில் நின்றாள். யாரோ பென்சிலால் மெல்லக் கீறத் தொடங்கி, பிறகு மனம் வராமல் விட்டுவிட்டது மாதிரி இருந்தாள்.

"திறப்பைத் திருப்பினா லைற்றெல்லாம் எரியுது. எஞ்சின்தான் சத்தமே போடுதில்லை."

அவன் அவளுடைய இருக்கையில் ஏறி அமர்ந்து சாவியைத் திருப்பினான். விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. பற்றரியில் ஒரு குறையும் இல்லை.

பிறகு கியரைப் பார்த்தான்.

அது நிறுத்தி வைக்கிற P-யில் இல்லை. ஓடுகிற D-யில் நின்றது.

ஓட்டோமற்றிக் கார் ஓடுகிற கியரில் நின்றால் ஸ்டார்ட் வராது. இதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவனே அவன்தான்.

இன்னொன்றும் அவனுக்குத் தெரியும். P-க்குக் கொண்டுவராமல் இந்தக் காரிலிருந்து சாவியைக் கழற்றவே முடியாது. சாவி இரவு முழுக்க வீட்டுக்குள், கதவடி ஆணியில் தொங்கியிருக்கும். அப்படியென்றால் இன்று காலைதான் கம்சனா காருக்குள் ஏறி, சாவியைப் போட்டு, பிரேக்கை மிதித்து, தன் கையாலேயே கியரை D-யில் இழுத்து விட்டிருக்கிறாள்.

விட்டுவிட்டு அவனுக்குப் போன் எடுத்திருக்கிறாள்.

நிமிர்ந்து பார்த்தான். அவள் தெருவின் மறுமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒன்றுமே இல்லை.

"பற்றரி இறங்கியிட்டுது போல," என்றான். "என்ரை காரின்ரை பற்றரியோடை கொஞ்ச நேரம் கொழுவி விடுவம்."

தன் காரை அவளுடைய காருக்கு முகத்துக்கு முகம் கொண்டுவந்து நிறுத்தினான். இரண்டு பொனட்டுகளையும் திறந்தான். தேவையே இல்லாத அந்த வேலையை, சிவப்பு வயர் எது கறுப்பு வயர் எது என்று இரண்டு தரம் பார்த்துச் செய்தான். அயர்ன் பண்ணிய வெள்ளைச் சட்டையின் கைவிளிம்பில் கரி பட்டுவிட்டது.

கம்சனா கைக்குட்டையை எடுத்து அதைத் துடைக்கத் தொடங்கினாள். பாதியில் ஏதோ நினைவு வந்தவள் போல நிறுத்தி, கைக்குட்டையை அவன் கையிலேயே கொடுத்தாள்.

குளிருக்கு அவளுடைய காருக்குள் ஏறி இருந்தார்கள். அவள் ஸ்டியரிங்கின் முன்னால், அவன் பக்கத்தில்.

இருவரின் மூச்சிலும் கண்ணாடிகள் வெளுத்துக்கொண்டு வந்தன. முதலில் மரங்கள் போயின. பிறகு அவனுடைய கார் போனது. எங்கோ ஒரு ரயில் தண்டவாளத்தைத் தொடாமல் போவது போல மெத்தென்று போனது. ஒரு நாயின் கழுத்து மணி கிட்ட வந்து, நின்று, கரைந்தது. நாயையும் காணவில்லை, அதைக் கூட்டிப் போனவரையும் காணவில்லை.

யாரும் அசையாமல் இருந்தால் இந்தக் காலை இப்படியே இருந்துவிடும் என்று அவனுக்குப் பட்டது.

"எவ்வளவு நேரம் பிடிக்கும்?" என்று அவள் கேட்டாள்.

"சொல்ல ஏலாது."

"அவசரமில்லை. ஆறுதலா நடக்கட்டும்."

அவளுடைய கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

அடுத்து அவனுடைய சட்டைப் பையில் அடித்தது.

முதலில் அழைத்தது அவளுடைய வக்கீல். இப்போது அழைத்தது அவனுடைய வக்கீல். ஹம் நீதிமன்றத்தின் மாடியில் ஒரு நீதிபதி இருவருக்காகவும் காத்திருந்தார். உங்கள் மணவாழ்க்கை முறிந்துவிட்டதா என்று முதலில் ஒருவரிடம் கேட்பார், பிறகு மற்றவரிடம் கேட்பார். ஓம் என்று சொன்னால் போதும். அதற்கென்றே அவன் டோர்ட்மண்டிலிருந்து புறப்பட்டு வந்திருந்தான். அதற்கென்றே அவளும் அந்தக் கோட்டைப் போட்டிருந்தாள்.

கஜரூபன் போனைக் காதில் வைத்தான்.

"இல்லை, இண்டைக்கு எங்களாலை வர ஏலாது," என்று ஜெர்மன் மொழியில் சொன்னான்.

எங்களாலை என்ற அந்தச் சொல்லுக்குத்தான் காருக்குள் ஏறிய பிறகு கம்சனா முதல் தடவையாக அவன் பக்கம் திரும்பினாள்.