ஐசக் வீட்டு ஓலை

"கல்யாணப் பொண்ணு இப்பிடி வெயில்ல நின்னு கறுக்கலாமா? உள்ள போ பாப்பா," என்று வேலைக்கு வரும் சோலையம்மாள் லில்லியின் கையிலிருந்த கலர்க் காகிதத் தோரணத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

உள்ளே போனால் மூச்சு முட்டியது. வெளியே போக வழியில்லை. டீ பார்ட்டிக்காகப் புழக்கடையை ஒழித்தபோது, அங்கே கிடந்த ஏலக்காய் மூட்டைகளை எல்லாம் சந்துக் கதவை அடைத்து அடுக்கிவிட்டார்கள். மிச்சமிருந்தது முன்வாசல் ஒன்றுதான். அங்கே அப்பா, கோயிலிலிருந்து வண்டியில் வந்த பெஞ்சுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

ஐசக் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரி. மனைவி இறந்து பத்து வருஷமாகிறது; வீட்டில் அவரும் ஒரே மகள் லில்லியும்தான். போன திங்கட்கிழமை சாப்பிட்டுக் கை கழுவும்போது, மகளுக்கு முதுகைக் காட்டியபடியே சொன்னார்: சனிக்கிழமை சாயங்காலம் நம் புழக்கடையில் ஒரு டீ பார்ட்டி, நல்ல காரியம், கேசரியும் வடையும் போதும். என்ன காரியம் என்று அவள் கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டார்.

காரியம் இன்னதென்று கோயிலில் மணியடிப்பவர் சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் வீட்டு ஓலை வருகிற ஞாயிற்றுக்கிழமை வாசிக்கிறார்களாமே என்று அவர் சிரித்தபோது லில்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடையிருந்தால் சொல்லுங்கள் என்று போதகர் சபை நடுவே ஓலை வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரிதான். அதற்குப் பிறகு பெண் மாட்டேன் என்றால் அப்பா ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?

மாப்பிள்ளை யார் என்றுகூட அவளுக்குத் தெரியாது. காய் ஆய்ந்து தரம் பிரிக்க வரும் பெண்களுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது.

"ஒரு மூடை காய் வாங்கணும்னாலே கொட்டிக் கிளறிப் பாப்பாரு மொதலாளி," என்றாள் சோலையம்மாள். "மருமகனை மட்டும் வாயைக் கட்டின மூடையாவே வாங்கிட்டாரு போலருக்கு."

மற்றவர்கள் சிரித்தார்கள். லில்லியும் சிரித்து வைத்தாள்.

அவள் மனசு குரங்கணிக்கு மேலே ஒரு மலைத் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டராக இருக்கும் தங்கபாண்டியனிடம் இருந்தது. கோயில் பாடகர் குழுவில் அவளுக்குப் பின்வரிசையில் நின்று பாடியவன். என்னோடு வந்துவிடு என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். இரண்டு தடவையும், அப்பாவுக்கு யார் சோறு பொங்குவது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டாள். வருகிற திங்கட்கிழமை அவன் திருவாங்கூர்ப் பக்கம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போகிறான். போவதற்கு முன்னால் ஒரே ஒரு பதில் வேண்டும் என்று எழுதியிருந்தான்.

அப்பாவுக்காக அவனை வேண்டாமென்றாள். அந்த அப்பாவே இப்போது அவளை யாருக்கோ கொடுக்கப்போகிறார்.

எல்லாம் தேவகிருபை டீச்சர் பார்த்த வேலை என்றுதான் அவளுக்குப் பட்டது. பெண்கள் பள்ளித் தலைமையாசிரியை அவர். நாற்பத்தைந்து வயதாகியும் தனியாள். இந்த மாதத்தில் மட்டும் மூன்று முறை வீட்டுக்கு வந்து அப்பாவோடு தாழ்ந்த குரலில் பேசினார். லில்லி காபியோடு வந்ததும் இருவரும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் பந்தலுக்கு நடுவில் டீச்சருக்கென்று ஒரு பிரம்பு நாற்காலி. அப்பாவே அதைத் துடைத்துப் போட்டிருந்தார். சம்பந்தம் பேசி முடித்தவருக்கு மரியாதை செய்யத்தானே வேண்டும் என்று லில்லி கசப்போடு நினைத்துக்கொண்டாள்.

மணி நாலாகிவிட்டது. பெண்கள் வடை போட அடுப்படிக்குப் போனார்கள். ஐசக் முக்காலி மேல் ஏறிப் பந்தலில் தோரணத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு மணி நேரத்தில் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

லில்லி போய் முக்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னால முடியாதுப்பா."

பிறகு நிறுத்த முடியவில்லை. தங்கபாண்டியனைப் பற்றி, அவன் கேட்டதைப் பற்றி, தான் மறுத்ததைப் பற்றி, திங்கட்கிழமையைப் பற்றி எல்லாவற்றையும் அழுதுகொண்டே கொட்டிவிட்டாள். நாளைக்கு ஓலை வாசித்தால் சபையில் தானே எழுந்து நின்று தடை சொல்லப்போவதாகவும் சொன்னாள்.

ஐசக் மெல்ல இறங்கினார். கோபப்படவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

"எனக்குச் சோறு பொங்கவா ஆத்தா அந்தப் பயலை வேண்டாம்னு சொன்னே? நல்ல பயலாச்சே. இன்னைக்கே ஆள் அனுப்பி வரச்சொல்றேன்."

"அப்ப நீங்க பார்த்திருக்கிற மாப்பிள்ளை?"

"உன்னைக் கேக்காம உனக்கு நான் மாப்பிள்ளை பாப்பேனா? யாரையும் பாக்கலையே."

லில்லிக்கு ஒன்றும் விளங்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவையே பார்த்தாள்.

"அப்ப நாளைக்கு யாருக்குப்பா ஓலை?"

ஐம்பத்திரண்டு வயது ஐசக் தலையைக் குனிந்துகொண்டார். கால் பெருவிரல் மண்ணைக் கீறியது.

"டீச்சருக்கும் எனக்கும், ஆத்தா."