நிழல் பக்கத்துப் பனி

குடிலுக்குப் பின்னால், வெயில் எட்டாத சரிவில் குழி தோண்டி, பனியைத் தூண்போல் செதுக்கி நிறுத்தியிருந்தாள் பார்லா. பனி இறுகிவிட்டதா என்று பார்க்க, அதன் தலையில் பனி அள்ளும் வாரியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினாள். தூண் இடுப்பளவில் அறுந்து, மேல்பாதி அப்படியே வழுக்கி அவள் காலடியில் விழுந்தது.

"பாத்தியா? அடியில சர்க்கரை மாதிரி உதிருது. இதுமேல கால் வச்சா மலையே உன்கூட இறங்கி வரும்."

"இன்னிக்கும் கீழ போக முடியாதா?" லினார்ட் பெருமூச்சு விட்டான். "ஆபீஸ்ல என் நாற்காலிய வேற எவனுக்காவது குடுத்திருப்பாங்க."

குழிக்குள் இறங்கி உதிரிப் பனியைக் கையுறையில் அள்ளித் தேய்த்துப் பார்த்தான். பிறகு குடிலின் முன்பக்கம் போய், வெயிலில் கண்கூசக் கிடந்த இறங்குவழியைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அப்படியே விறகு பிளக்கப் போய்விட்டான்.

ஆல்ப்ஸ் மலையில் மலையேறுபவர்கள் தங்கும் அந்தக் குடிலைப் பார்த்துக்கொள்பவள் பார்லா. பனிப்புயல் வருவதற்கு முன்பே மற்ற விருந்தாளிகள் இறங்கிவிட, மிஞ்சியவன் இவன் ஒருவன்தான். இவனும் போய்விட்டால் இனி அடுப்போடுதான் பேச்சு. போன குளிர்காலத்தில் அப்படிப் பேசிப் பேசி, அது அணைந்தால் கோபித்துக்கொள்ளும் அளவுக்குப் போயிருந்தாள்.

சாயங்காலம் பார்லி சூப் குடித்துவிட்டுச் சீட்டாட உட்கார்ந்தார்கள்.

"ஏமாத்துற பார்லா!"

அவளுக்குத் திக்கென்றது.

"இந்த ராஜாவ எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

"தோக்கத் தெரியாதவன் சீட்டத் தொடக்கூடாது."

லினார்ட் சிரித்தான். "சும்மா சொன்னேன். நீ மட்டும் இல்லேன்னா நான் இந்நேரம் பனிக்கடியில கிடந்திருப்பேன்."

அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் தினமும் தோண்டினது நிழல் பக்கம். அங்க பனி லேசுல இறுகாது. நீ இறங்க வேண்டியது வெயில் பக்கம். அது எப்பவோ கெட்டியாயிடுச்சு, லினார்ட். காலையில கிளம்பு."

அவன் நிமிரவில்லை. சீட்டையெல்லாம் சேர்த்துக் கலைத்து, இரண்டு பேருக்கும் போடத் தொடங்கினான்.

"தெரியும். நாளைக்கும் அங்கயே தோண்டு."