கோட்டுக்கு இரண்டு பக்கமும்

சாயங்காலம் ஐந்தரை. இராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனி. காயத்துக்குக் கட்டும் காஸ் துணியைப் பொதியாகக் கட்டி அடுக்கிய பேல்களுக்கும் சுவருக்கும் நடுவே நெருக்கிப் போட்ட நாற்காலியில், கம்ப்யூட்டர் முன்னால் பாண்டிசெல்வி உட்கார்ந்திருக்கிறாள். பெட்டிகளில் ஒட்டவேண்டிய இங்கிலீஷ் லேபிள்கள் நாற்பது. ஒவ்வொன்றிலும் சொற்களுக்கு நடுவே நீளக் கோடுகள். சரக்கு வாங்கும் அமெரிக்காக்காரர்கள் கேட்டதாக முதலாளி சொன்னபடி, கோடுகளின் இருபுறமும் இருந்த இடைவெளிகளைக் காலையிலிருந்து ஒவ்வொன்றாக அழித்து இப்போதுதான் முடித்திருக்கிறாள். கைப்பை மடிக்கு வந்துவிட்டது. ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் காய்ச்சலோடு கிடக்கும் மகளை டாக்டரிடம் காட்டமுடியும். முதலாளி காசிராஜன் போனும் கையுமாக வந்து வழியில் நிற்கிறார். “யம்மா செல்வி, நாந்தான் மாத்திச் சொல்லிட்டேன். இது லண்டன் லோடு. கோட்டுக்கு ரெண்டு பக்கமும் இடம் விடணுமாம்.”

“அம்புட்டுலயுமா அண்ணாச்சி?”

“செத்த நேர வேலதான. இடம் விடுறதுக்கு என்னம்மா, ஒரு தட்டு.”

அவள் தட்டுகிறாள். முதல் கோடு இரண்டு சொற்களையும் விட்டு விலகி, தாராளமாக நீட்டிப் படுத்துக்கொள்கிறது. மடியில் பைக்குள் போன் அதிர்கிறது. எடுக்கக் கைகளை மடக்கினால் இந்த முழங்கை சுவரில் இடிக்கிறது, அந்த முழங்கை பேலில்.